சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பத் தெரிகிறது, சாஃப்ட்வேர் வேலையை வெளியே கொடுக்கத் தெரிகிறதா?

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் குடோன் வாசலில் காலை எட்டரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். சாயப்பட்டறைக்குப் போகிற வண்டியில் கிரே துணி (சாயம் ஏற்றாத துணி) ரோல் ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ரோலும் எடை போட்டு, லாட் நம்பர் எழுதி, டிசியில் (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), என்ன கலர் என்று எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் அந்த வண்டி நகராது. திரும்பி வரும்போது மறுபடியும் எடை. 500 கிலோ போய் 455 கிலோ வந்தால், “லாஸ் எப்படி 9 சதவீதம் ஆச்சு?” என்று அரை மணி நேரம் போனில் சண்டை.

அதே நிறுவனத்தில் சாஃப்ட்வேர் செய்யக் கொடுக்கும் கதை வேறு மாதிரி இருக்கும். தெரிந்தவரின் தம்பி பையன் ஒருவர் வருவார், டீ வரும், இரண்டு பக்கக் கொட்டேஷன் வரும், பாதித் தொகை அட்வான்ஸாகப் போய்விடும். என்ன கொடுத்தோம், என்ன திரும்பி வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்று ஒரு டிசி அளவுக்குக்கூடக் காகிதம் இருக்காது. எட்டு மாதம் கழித்து “சார், 90 பர்சன்ட் முடிஞ்சிடுச்சு” என்பார்கள். அதற்கு அடுத்த எட்டு மாதமும் அதே 90 பர்சன்ட்தான்.

நான் பதினான்கு வருடமாக இப்படி ஒரு நடுத்தர நிறுவனத்தின் ஐடி பொறுப்பில் இருக்கிறேன். கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி நானே செய்தவை. இந்த ஊரில் நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று பாதி வேலையை ஜாப் ஒர்க்கில்தான் (வெளியாளிடம் கூலிக்குக் கொடுத்து) முடிக்கிறோம், அவுட்சோர்சிங் நமக்குப் புதிதே இல்லை. துணிக்குக் காட்டுகிற அதே கறாரை சாஃப்ட்வேருக்கும் காட்டினால் போதும் என்பதுதான் நான் சொல்ல வருவது. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: முதலில் ஒரு ஆர்டரின் பின்னால் நடங்கள்

வெண்டரைக் கூப்பிடுவதற்கு முன், கொட்டேஷன் கேட்பதற்கு முன், ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். பையரின் பிஓ (பர்சேஸ் ஆர்டர்) மெயிலில் வருகிறது, மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) அதை எங்கே பதிகிறார்? நூல் கணக்கு யார் போடுகிறார்? கட்டிங் மாஸ்டர் எதைப் பார்த்து லே போடுகிறார் (வெட்டுவதற்குத் துணியை அடுக்குகிறார்)? பேக்கிங் லிஸ்ட் எந்தக் கம்ப்யூட்டரில் டைப் ஆகிறது?

நான் முதல் முறை இப்படி நடந்தபோது எண்ணிப் பார்த்தேன், ஒரே ஆர்டரின் அளவு பதினொரு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. நான்கு எக்செல், மூன்று நோட்டுப் புத்தகம், இரண்டு வாட்ஸாப் குரூப், அக்கவுண்ட்ஸில் ஒன்று, கடைசியாக கட்டிங் டேபிள் பக்கத்துச் சுவரில் சாக்பீஸில் ஒன்று. பதினொன்றில் சரியான எண் சுவரில் இருந்தது. ஏனென்றால் பையர் அளவைக் குறைத்ததை மெர்ச்சண்டைசர் நேரில் போய் மாஸ்டரிடம் சொன்னார், மற்றவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

இந்த வேலைக்கு மூன்று நான்கு நாள் ஆகும், ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யாமல் எழுதுகிற ஐடி திட்டம் எல்லாம் கண்காட்சியில் பார்த்த ஸ்டாலை வைத்து எழுதியதுதான்.

படி 2: எதை வாங்குவது, எதைச் செய்வது

இதைத்தான் பெரிய கம்பெனிகளில் ஸ்ட்ராட்டஜி என்று சொல்லி எண்பது ஸ்லைடு போடுகிறார்கள். உங்களுக்கு ஒரு பக்கம் போதும். அடுத்த மூன்று வருடத்தில் எந்த மூன்று வலி தீர வேண்டும், அதில் எதற்குக் கடையில் சாஃப்ட்வேர் கிடைக்கிறது, எதற்கு நாமே செய்தாக வேண்டும், வருடத்துக்கு எவ்வளவு செலவு செய்ய முடியும், அவ்வளவுதான்.

ஊருக்கெல்லாம் பொதுவான வேலையை ஒருநாளும் சொந்தமாகச் செய்யாதீர்கள். கணக்கு எழுதுவது, சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ, ஜிஎஸ்டி எல்லாம் இந்த வகை. இதில் சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். இ-இன்வாய்ஸையே (பில்லை அரசு போர்ட்டலில் பதிந்து எண் வாங்குவது) எடுத்துக்கொள்ளுங்கள், 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்து, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் 2023 ஏப்ரல் முதல் வைத்திருக்கும் கணக்கு சாஃப்ட்வேரில், ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்கிற, யாராலும் அணைக்க முடியாத ஆடிட் டிரெயில் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் உங்கள் டெவலப்பரைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னால் பில் எகிறும். டாலி மாதிரி விற்பனைக்கு இருப்பதை வாங்கி, அதை உருவாக்கியவர்களே மாற்றிக் கொடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

உங்களுக்கென்று தனியாக இருப்பதற்குத்தான் சொந்த சாஃப்ட்வேர். எங்களுக்கு அது லாட் கணக்கும் காஸ்டிங்கும். எந்த நூல் எந்த மில்லில் இருந்து வந்தது, எந்த நிட்டரிடம் போனது, எந்தச் சாயப்பட்டறையில் எவ்வளவு லாஸ் ஆனது, கடைசியில் எந்த கார்ட்டனில் போனது என்று பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போக முடிய வேண்டும். இது பையருக்காக மட்டும் இல்லை. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு 1 வருடத்துக்குள் திரும்பி வரவில்லை என்றால், அனுப்பிய அன்றே அதை விற்றதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். டிசி கணக்கு தெளிவாக இல்லாதவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ரெடிமேட் சாஃப்ட்வேரை வாங்கி, அதை நம் பழக்கத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டித் தைப்பது. ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் இதில்தான் விழுந்தது. எஸ்ஏபி மென்பொருளை வைத்து ஏழு வருடம் வேலை செய்து, சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு 2018ல் மொத்தத்தையும் கைவிட்டார்கள். அப்போது அதிகம் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று, லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் கணக்கு வைக்கும், அந்த மென்பொருள் விற்பனை விலையில் வைக்கும் என்பது. லிடில் தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை மாற்றப் போனார்கள், மாற்றம் மேல் மாற்றம் வந்தது. அதனால் நான் வைத்திருக்கும் விதி இதுதான்: ரெடிமேட் வாங்கினால் அதன்படி நாம் மாறிக்கொள்வது, மாற முடியாது என்றால் அதை வாங்காமலேயே இருப்பது.

பட்ஜெட் போடும்போது சாஃப்ட்வேர் செய்கிற செலவை மட்டும் போடாதீர்கள். நான் பார்த்தவரை, வருடா வருடம் பராமரிப்புக்குச் செய்த விலையில் 15 முதல் 20 சதவீதம் கேட்பார்கள். சர்வர் வாடகை தனி, 18 சதவீத ஜிஎஸ்டி தனி (இன்புட் கிரெடிட்டாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் கையிலிருந்து முதலில் போகும்). பத்து லட்சத்துக்குச் செய்த சாஃப்ட்வேர் ஐந்து வருடத்தில் இருபது லட்சம் தின்றுவிடும். அது தப்பில்லை, ஆனால் முதல் நாளே முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: உள்ளே ஒரு ஆள்

எவ்வளவு நல்ல வெண்டர் கிடைத்தாலும் உங்கள் பக்கம் ஒருவர் முழுநேரமாக இதில் இருந்தாக வேண்டும். அவருக்கு கோடிங் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எங்களிடம் இந்த வேலையை மிக நன்றாகச் செய்தவர் பதினைந்து வருடம் துணி குடோனில் இருந்த ஒரு அக்கா. டெவலப்பர் ஒரு ஸ்கிரீனைக் காட்டி “இப்படி வரும் மேடம்” என்றால், “சரி தம்பி, ஒரே டிசியில பாதி ரோல் இன்னிக்கி வந்து மீதி அடுத்த வாரம் வந்தா எங்க போடறது?” என்று கேட்பார். எம்பிஏ முடித்த யாரும் கேட்காத கேள்வி அது.

ஒரே ஒரு நிபந்தனை, அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் “எம்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றால் வெண்டர் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருப்பார், அதற்கும் பணம் நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

படி 4: வேண்டியதை எழுதுவது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ‘ஸ்டாக் மாட்யூல், டையிங் மாட்யூல், ரிப்போர்ட்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தால் அது தேவைப் பட்டியல் ஆகாது, ஹோட்டல் மெனு.

உதாரணத்தோடு எழுதுங்கள், உண்மையான எண்ணோடு எழுதுங்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை நாங்கள் எழுதியது: “சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பியதும் டையிங் ஸ்டாக்கில் ஏற வேண்டும், திரும்பி வந்ததும் லாஸ் போக நம் ஸ்டாக்கில் ஏற வேண்டும்.” படித்தால் சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் ஷேடு சரியில்லை என்று வந்த துணியை மறுபடி பட்டறைக்கே அனுப்புவோம், ரீ-புராசஸுக்கு. அதற்கும் டிசி உண்டு, கூலி கிடையாது. இதை நாங்கள் எழுதவே இல்லை, ஏனென்றால் எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. சாஃப்ட்வேர் அதைப் புதுத் துணி என்று எடுத்துக்கொண்டது. லாஸையும் இரண்டு முறை கழித்தது, கூலியையும் இரண்டு முறை போட்டது. மூன்று மாதம் கழித்து, ஒரு பட்டறைக்கு நாங்கள் தர வேண்டிய தொகை உண்மையை விட நாலே கால் லட்சம் அதிகமாக ரிப்போர்ட்டில் நின்றது. பட்டறைக்காரர் நல்லவர், “எனக்கு அவ்வளவு வராதுங்க” என்று அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் எழுதும் முறையை மாற்றிவிட்டோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒழுங்காக நடக்கிற கதை ஒன்று, கோணலாக நடக்கிற கதை குறைந்தது நான்கு. பாதி வந்தால், அதிகமாக வந்தால், வேறு லாட்டோடு கலந்து வந்தால், வரவே இல்லை என்றால், தப்பாகப் பதிந்து மறுநாள் திருத்தினால். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, முடிவில் ஸ்டாக் எவ்வளவு காட்ட வேண்டும் என்று எழுதிவிடுவோம். இதே காகிதம்தான் பின்னால் சோதனை செய்யும்போது கையில் இருக்கும், தனியாக டெஸ்ட் கேஸ் எழுத வேண்டியதில்லை.

படி 5: வெண்டர் பிடிப்பது

மூன்று கொட்டேஷன் வாங்குங்கள், அது தெரிந்ததுதான். ஒரு கொட்டேஷன் மற்ற இரண்டில் பாதி விலைக்கு வந்தால் அவருக்கு வேலை புரியவில்லை என்று அர்த்தம், அல்லது புரிந்துகொண்டு பின்னால் மாற்றத்துக்கு மாற்றம் பில் போடும் எண்ணத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். இரண்டும் உங்களுக்கு நல்லதில்லை.

அவர் கொடுக்கும் வாடிக்கையாளர் பட்டியலில் உள்ளவர்கள் எல்லாம் நல்லதுதான் சொல்வார்கள். அவரை விட்டுப் போன ஒருவரின் நம்பரைக் கேளுங்கள். தர யோசித்தாலும் பரவாயில்லை, ஊருக்குள் விசாரித்தால் கிடைத்துவிடும். போனவரிடம் ஒரே கேள்வி: “போகும்போது டேட்டாவைக் கொடுத்தாரா?”

அப்புறம், விற்க வருகிறவரும் செய்யப்போகிறவரும் வேறு வேறு ஆட்கள். மீட்டிங்கில் அழகாகப் பேசியவரைத் திரும்பப் பார்க்கவே மாட்டீர்கள். உங்கள் வேலையை எந்த இரண்டு மூன்று பேர் செய்யப்போகிறார்கள் என்று கேட்டு, அவர்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் அடுத்த கட்டம்.

முழு வேலையையும் தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலையைப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பல்க் டையிங் போடுவதற்கு முன் லேப் டிப் (கலர் பார்க்க ஒரு துண்டில் போட்ட சாய மாதிரி) வாங்கி, லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து, பையர் அப்ரூவல் வாங்கிய பிறகுதானே துணியை இறக்குகிறோம்? அதே மாதிரி. கேட் என்ட்ரி (கேட்டில் வண்டியும் சரக்கும் வந்து போவதைப் பதிவது) மாதிரி மூன்று நான்கு வாரத்தில் முடிகிற ஒன்றைக் கொடுத்தால், அவர்கள் கேள்வி கேட்கிறார்களா, சொன்ன தேதிக்கு வருகிறார்களா, தப்பு வந்தால் ஒப்புக்கொள்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

மொத்த விலைக்குப் பேசுவதா, மாதக் கணக்கில் ஆள் எடுப்பதா என்று கேட்பார்கள். எழுதி முடித்துத் தெளிவாக இருக்கும் வேலைக்கு மொத்த விலை. போகப் போகத்தான் தெரியும் என்கிற வேலைக்கு மாதக் கணக்கு, ஆனால் இரண்டு வார அறிவிப்பில் நிறுத்திக்கொள்ளும் உரிமையோடு. தெளிவில்லாத வேலைக்கு மொத்த விலை பேசினால் இரண்டாம் மாதத்திலிருந்து “இது ஸ்கோப்ல இல்ல சார்” என்ற வாக்கியத்தைத் தினமும் கேட்பீர்கள்.

படி 6: ஒப்பந்தம், முக்கியமாக சாவி

பணம் கொடுத்துவிட்டோம், சாஃப்ட்வேர் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய கோடு பொதுவாக உங்களுக்குச் சொந்தம். வெளி நிறுவனம் எழுதியது அப்படி இல்லை. எழுத்துப்பூர்வமாக, கையெழுத்தோடு உங்களுக்கு மாற்றித் தந்தால்தான் உரிமை உங்களிடம் வரும். அப்படி எழுதும்போதும் எத்தனை காலம் என்று போடவில்லை என்றால் 5 வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று போடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். மாற்றி வாங்கிய உரிமையை 1 வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில், அதுவும் காலாவதி. எனவே ‘முழு பதிப்புரிமைக் காலத்துக்கும், உலகம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் காலாவதி ஆகாது’ என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். வக்கீலிடம் காட்டினால் ஒரு மணி நேர வேலை.

காகிதத்தில் உரிமை இருந்தால் மட்டும் போதாது, சாவி கையில் இருக்க வேண்டும். எங்கள் டொமைனை ஒரு காலத்தில் வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் சொந்த மெயிலில் பதிந்திருந்தார். அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலை அவர் பார்க்கவில்லை, ஒரு வியாழக்கிழமை மதியம் எங்கள் நிறுவனத்தின் எல்லா மெயிலும் நின்றுவிட்டது. பையர் அனுப்பிய ஷிப்மென்ட் அப்ரூவல் அவருக்கே திரும்பிப் போனது. அவர் போன் நம்பரைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, ஓடிபி வாங்கிப் புதுப்பிக்க இரண்டு நாள். புதுப்பிக்கும் கட்டணம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்.

இந்த எல்லாமே உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் நிறுவன மெயிலில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்:

- டொமைன், டிஎன்எஸ் கணக்கு
- கிளவுட் சர்வர் கணக்கு, அதன் பில் உங்கள் கார்டில்
- சோர்ஸ் கோடு இருக்கும் கிட் (Git, கோடைச் சேமித்து வைக்கும் இடம்) கணக்கு. வெண்டரை அதில் நீங்கள் சேர்க்க வேண்டும், அவர் கணக்கில் நீங்கள் விருந்தாளியாக இருக்கக்கூடாது
- டேட்டாபேஸ் அட்மின் பாஸ்வேர்டு
- ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர் கணக்கு, ஆப்பை வெளியிடத் தேவையான கையெழுத்துச் சாவிகளோடு (signing key)
- எஸ்எம்எஸ், வாட்ஸாப், இ-இன்வாய்ஸ் இணைப்புகளின் கணக்குகள்

பணத்தைத் தேதிக்குக் கட்டாதீர்கள், வேலைக்குக் கட்டுங்கள். ‘மூன்றாம் மாதம் 20 சதவீதம்’ என்பது வட்டிக் கணக்கு மாதிரி. ‘படி 4ல் எழுதிய டையிங் கதைகள் எல்லாம் எங்கள் டேட்டாவில் சரியாக வந்தபின் 20 சதவீதம்’ என்று எழுதுங்கள். கடைசி 10 சதவீதம் லைவ் போய் மூன்று மாதம் கழித்து.

அதே சமயம் கொடுக்க வேண்டியதை இழுத்தடிக்காதீர்கள். உங்கள் வெண்டர் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு உள்ள மைக்ரோ அல்லது ஸ்மால் நிறுவனமாக இருந்தால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் போயிருக்க வேண்டும். தாண்டினால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை நிஜமாகப் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்க முடியும்.

ஊழியர்களின் ஆதார், வங்கிக் கணக்கு, கைரேகை வருகைப் பதிவு எல்லாம் வெண்டர் கையில் போகிறதா? 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவை வெண்டர் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையது. சரியான பாதுகாப்பு வைக்காததற்கு அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். சைபர் சம்பவம் என்று ஏதாவது நடந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்புக்குச் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. நடந்ததை வெண்டர் உங்களிடம் எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். அவர் மறுநாள் சொன்னால் உங்கள் 6 மணி நேரத்துக்கு என்ன அர்த்தம்?

கடைசியாகப் பிரிவது. கல்யாணத்தன்று விவாகரத்தைப் பேசுகிற மாதிரி சங்கடமாக இருக்கும், பேசித்தான் ஆக வேண்டும். 2011 ஜனவரி கடைசியில் உயர்நீதிமன்ற உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது இந்த ஊரில் யாருக்கும் மறக்காது. ஒரே பட்டறையை நம்பி இருந்தவர்கள் பட்ட பாடு தெரியும். ஐடியில் அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவரே கணக்கு பொய் என்று எழுதிக் கொடுத்தபோது, அதன் வாடிக்கையாளர்களான பெரிய பெரிய நிறுவனங்களுக்கே நம் வேலை என்னாகும் என்ற கவலை. வெண்டர் எவ்வளவு பெரியவர் என்பது இதற்குப் பதில் இல்லை. பிரியும்போது எத்தனை நாளில், எந்த வடிவத்தில் டேட்டா தர வேண்டும், புதியவருக்கு எத்தனை நாள் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்கு என்ன கூலி என்று எழுதிவிடுங்கள்.

படி 7: வேலை நடக்கும்போது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற சாஃப்ட்வேரைக் காட்ட வேண்டும். ஸ்லைடும் வேண்டாம், சதவீதமும் வேண்டாம். குடோன்காரர் உட்கார்ந்து, நேற்றைய உண்மையான டிசியை அவரே டைப் செய்து பார்க்க வேண்டும். டெவலப்பர் மவுஸைத் தொடக்கூடாது, இது எங்கள் ஆபீஸில் சட்டம். டெவலப்பர் கையில் மவுஸ் இருக்கும்வரை எல்லா சாஃப்ட்வேரும் நன்றாகத்தான் ஓடும்.

மாற்றம் கேட்பது தவறில்லை, வாட்ஸாப்பில் கேட்பதுதான் தவறு. முதலாளி ஞாயிற்றுக்கிழமை இரவு வாய்ஸ் மெசேஜில் ஒன்று சொல்வார், மெர்ச்சண்டைசர் திங்கள்கிழமை அதற்கு எதிராக ஒன்று சொல்வார், டெவலப்பர் இரண்டையும் செய்து வைப்பார். ஒரே ஒரு பட்டியல், உள்ளே இருக்கிற அந்த ஒரு ஆள் மட்டும் எழுதுவது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று வெண்டர் பதில் எழுதிய பிறகே வேலை. இப்படி வைத்தாலே கேட்கிற மாற்றத்தில் பாதி தானாகக் காணாமல் போய்விடும்.

படி 8: லைவ் போகும் நாள்

வெண்டர் “ரெடி” என்று சொல்வது ஒரு தகவல், அவ்வளவுதான். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் பழைய கம்ப்யூட்டர் அமைப்பிலிருந்து புதியதற்கு 52 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் மாற்றியது. புதிய அமைப்பைச் செய்தது வெளியாள்கூட இல்லை, அப்போதைய தாய் நிறுவனமான சபாடெல் வங்கியின் சொந்த ஐடி நிறுவனம். மாற்றியதும் 19 லட்சம் பேரால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை, முழுமையாகச் சரியாக அந்த வருட டிசம்பர் ஆனது. 2022ல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்ட் அபராதம். அடுத்த வருடம் அந்த வங்கியின் முன்னாள் ஐடி தலைவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்ட் அபராதம். காரணம் அவர் கோடு தப்பாக எழுதியது இல்லை. வெளியே கொடுத்த வேலையை ஒழுங்காக மேற்பார்வை பார்க்கவில்லை, சப்ளையர் உண்மையிலேயே தயாராக இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளவில்லை என்பது. என் மாதிரி நாற்காலியில் இருப்பவர்கள் இந்தச் செய்தியைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைக்கலாம்.

நாங்கள் செய்வது: ஒரு யூனிட்டில் மட்டும் முதலில், அதுவும் ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்த்து. இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறதே என்று எல்லோரும் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் சாயங்காலம் இரண்டின் ஸ்டாக்கையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் ஏன் என்று ஒவ்வொரு கிலோவுக்கும் காரணம் தெரிய வேண்டும். தொடர்ந்து பத்து வேலை நாள் வித்தியாசம் இல்லை என்றால் பழைய நோட்டை மூடலாம்.

தேதியும் முக்கியம். 1999ல் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் ஹாலோவீன் சீசனுக்கு முன்னால் புதிய மென்பொருளுக்கு மாறி, கையில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் நின்றது. நமக்கு அந்த மாதிரி தொடக்கூடாத நாட்கள் மார்ச் கடைசி, தீபாவளி போனஸ் கணக்கு நடக்கும் வாரங்கள், பெரிய ஷிப்மென்ட் கட்டாஃப் இருக்கும் மாதம். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா இருக்கும்.

பேக்கப் எடுத்தால் போதாது, அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும் ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. சாஃப்ட்வேர்காரர்களுக்கே சாஃப்ட்வேர் கொடுக்கிறவர்கள் அவர்கள்.

படி 9: அதற்குப் பிறகு

பராமரிப்பு ஒப்பந்தத்தில் ‘உடனடி ஆதரவு’ என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை. கேட் என்ட்ரி நின்றால் 1 மணி நேரம், ரிப்போர்ட் தப்பாக வந்தால் 2 நாள், கலர் மாற்ற அடுத்த மாதம் என்று பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் அவசரம் என்று சொன்னால் வெண்டர் எதையும் அவசரமாக எடுத்துக்கொள்ள மாட்டார், நியாயம்தான்.

வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். வெண்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொறியாளரை ஒரு நாள் கூலிக்குக் கூப்பிட்டு, காலியான லேப்டாப் ஒன்றைக் கொடுத்து, எங்கள் கிட் கணக்கில் இருக்கும் கோடையும் நேற்றைய பேக்கப்பையும் மட்டும் வைத்து சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டச் சொல்வோம். வெண்டருக்கு போன் போடக்கூடாது. முதல் வருடம் மூன்று நாள் ஆகியும் ஓடவில்லை, பாதி செட்டிங் வெண்டர் ஆபீஸில் ஒருவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வருடம் ஒன்றரை நாள். போன ஏப்ரலில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார், நடுவில் டீ, வடை எல்லாம் போக இரண்டு மணிக்கு டையிங் ஸ்டாக் ஸ்கிரீன் வந்துவிட்டது. அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாள் ரீ-புராசஸ் டிசி ஒன்றைத் தேடி எடுத்து, கிலோவைச் சரிபார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.